பங்களாத் தோட்டம் துப்புரவாக்கும் கொந்தராத்து: என்னென்ன கொண்டு போக வேண்டும்?

காசல்ரீத் தம்பி | செவ்வாய், இரவு 8.50

அனைவருக்கும் வணக்கம். டிக்கோயாவைத் தாண்டி, காசல்ரீ நீர்த்தேக்கத்துக்கு மேலே பூட்டிக் கிடக்கும் பழைய பங்களா ஒன்றின் தோட்டத்தைத் துப்புரவாக்கித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். 120 பேர்ச்சஸ், அதாவது முக்கால் ஏக்கர் நிலம். ஆறு வருடமாக யாரும் கத்தி வைக்கவில்லை. மானாப்புல் ஆளுயரம் நிற்கிறது. உண்ணிச்செடி கல்கட்டின் மேல் ஏறிவிட்டது. பின்பக்கத்தில் ஒரு கொட்டகை இருந்ததாகச் சொல்கிறார்கள், வெளியிலிருந்து பார்த்தால் அதன் கூரைகூடத் தெரியவில்லை.

வெட்டுவது, அள்ளுவது, லொறியில் ஏற்றி அப்புறப்படுத்துவது எல்லாம் சேர்த்து 85,000 ரூபாய் என்று வாய்ப்பேச்சாகப் பேசியிருக்கிறேன். சொந்தக்காரர் கொழும்பில் இருக்கிறார், பேச்செல்லாம் தொலைபேசியில்தான். நாங்கள் நான்கு பேர்: நான், என்னோடு படித்த இருவர், எங்கள் லயத்து, அதாவது தோட்டத்து வரிசை வீட்டுப் பெரியம்மா. பெரியம்மா முப்பது வருடம் கொழுந்தெடுத்தவர், கத்தி பிடிப்பதில் எங்கள் மூவரையும்விடக் கெட்டிக்காரி.

இரண்டு கத்தி, ஒரு மண்வெட்டி, ஒரு அலவாங்கு இருக்கின்றன. புல்வெட்டும் இயந்திரம் வாடகைக்கு எடுக்கலாம் என்றிருக்கிறேன். வேறு என்ன வேண்டும்? ஜூன் முதல் வாரம் தொடங்கலாமா?

பழைய கணக்கு | செவ்வாய், இரவு 9.25

தம்பி, தொடங்குவதற்கு முன் ஒரு நாள் வெறுங்கையோடு போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வாருங்கள். கத்தியைக் கொண்டு போகாதீர்கள். கத்தி கையில் இருந்தால் கண் வேலை செய்யாது.

நான் கணக்கப்பிள்ளையாக இருந்த காலத்தில் மலைக்கு ஆட்களை இறக்குவதற்கு முன் இரண்டு விஷயம் பார்ப்பேன். ஒன்று, மேலே. மரக்கிளை, பாறையின் அடிப்பக்கம், தண்ணீர்த் தொட்டியின் கீழ், வீட்டுக் கூரையின் ஓரம். நாம் எல்லாவற்றையும் குளவி என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் மரத்தில் பெரிய கறுப்புப் பலகை தொங்குவதுபோல இருந்தால் அது மலைத்தேனீ, சிங்களத்தில் பம்பரா. அது கொடுக்கை உடம்பிலேயே விட்டுப் போகும். அந்தக் கொடுக்கிலிருந்து எழும் வாடை, கிட்டத்தட்ட கனிந்த வாழைப்பழ வாடை, மற்றத் தேனீக்களையும் அதே ஆளின் மேல் கொண்டுவந்து இறக்கும். உண்மையான குளவி கொடுக்கை விடாது, ஒன்றே பல முறை கொட்டும். மலைத்தேனீ பருவத்துக்குப் பருவம் இடம் மாறும். போன மாதம் மரம் வெறுமையாக இருந்தது என்பதை நம்பி இந்த மாதம் போகக் கூடாது.

கொட்டத் தொடங்கினால் கையை வீசாமல், முகத்தை மூடிக்கொண்டு, வீட்டுக்குள்ளோ லொறிக்குள்ளோ ஓட வேண்டும். நூறு அடி ஓடிவிட்டுத் திரும்பிப் பார்க்கிற பழக்கம் பலருக்கு உண்டு. அது ஆகாது. தண்ணீரில் குதிப்பதும் ஆகாது, தலையை வெளியே எடுக்கும்வரை அவை மேலேயே காத்திருக்கும். ஆகவே முதல் நாளே ஓடும் பாதையைப் பார்த்து, நான்கு பேருக்கும் காட்டிவிடுங்கள்.

இரண்டாவது, கீழே. கானு, அதாவது தண்ணீர் வடியும் வாய்க்கால், எங்கே ஓடுகிறது, எங்கே அடைபட்டிருக்கிறது என்று பாருங்கள். அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன், மருந்து குடிக்கும் நேரம்.

மானாப்புல் | செவ்வாய், இரவு 10.05

எங்கள் தாத்தா வெறுங்காலோடு காடு வெட்டித்தான் இந்த மலையெல்லாம் தேயிலையாயிற்று. இப்போது நான்கு பேர் புல் வெட்டப் போவதற்கு ஆராய்ச்சி நடக்கிறது. இரண்டு சவர்க்காரக் கட்டி வாங்கிக் காலில் தேய்த்துக்கொள்ளுங்கள், அட்டை ஏறாது. அவ்வளவுதான் வேலை.

பழைய கணக்கு | செவ்வாய், இரவு 10.20

உங்கள் தாத்தா எத்தனை வயதில் இறந்தார் என்று எழுதுங்கள், பேசுவோம்.

இரவுப் பணி | புதன், காலை 7.40

கடமை முடிந்து பஸ்ஸில் வரும்போது எழுதுகிறேன். நான் தாதி. எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம்.

சவர்க்காரம் அட்டைக்குச் சரி. ஆனால் அட்டைக்கடியால் யாரும் எங்கள் நோயாளர் விடுதிக்கு வருவதில்லை. வருகிறவர்களில் நிறையப் பேர் கையிலோ பாதத்திலோ சின்னப் பாம்பு கடித்து வருகிறார்கள். மூக்கு சற்று மேல்நோக்கி வளைந்த, ஒரு முழம்கூட இல்லாத விரியன். சிங்களத்தில் குணகட்டுவா என்பார்கள். காய்ந்த இலையின் நிறத்தில்தான் இருக்கும், இலைக்குவியலுக்குள்தான் படுத்திருக்கும். இந்த நாட்டில் மிக அதிகமாகக் கடிக்கும் விஷப்பாம்பு இதுதான். ஆஸ்பத்திரிகளில் உள்ள விஷமுறி மருந்து இந்தியாவிலிருந்து வருவது, நாகம், கண்ணாடி விரியன் போன்றவற்றுக்கானது. இந்தப் பாம்பின் விஷத்துக்கு அது வேலை செய்யாது. பலருக்கு வீங்கி, கொப்புளம் வந்து ஆறிவிடும். சிலருக்குச் சிறுநீரகம் போய்விடுகிறது. "சின்னப் பாம்புதானே" என்று மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டு வீட்டில் இருந்துவிட்டு, மூன்றாம் நாள் சிறுநீர் குறைந்த பிறகு தூக்கிக்கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கடித்தால் கட்டுப் போட வேண்டாம், கீற வேண்டாம். கையையோ காலையோ அசைக்காமல் வைத்து 1990க்கு அழையுங்கள். சுவசெரிய ஆம்புலன்ஸ் இலவசம்.

ஆகவே இலைக்குவியலைக் கையால் வாரக் கூடாது. முள்வாரியாலோ நீளக் கம்பாலோ முதலில் புரட்டுங்கள். ரப்பர் பூட்ஸ் முழங்கால் அளவு வேண்டும். இரவில் வெளியே விட்டிருந்த பூட்ஸைக் காலையில் கவிழ்த்துத் தட்டிவிட்டுப் போடுங்கள்.

இன்னொன்று, இதை யாரும் சொல்ல மாட்டார்கள். பழைய பங்களாத் தோட்டங்களில் பெரிய வெள்ளை, மஞ்சள் பூக்கள் தலைகீழாகத் தொங்கும் ஊமத்தை இனம் ஒன்று உண்டு. அதை வெட்டிய கையோடு கண்ணைத் துடைத்தால் அந்தக் கண்ணின் கருமணி விரிந்துவிடும். பார்வை மங்கும், வெளிச்சம் கூசும், பல மணி நேரம், சில வேளை நாள்கணக்கில் அப்படியே இருக்கும். ஒருமுறை ஒருவரைக் கூட்டிவந்தார்கள், ஒரு கண்ணில் மட்டும் கருமணி பெரிது. தலையில் அடிபட்டவர்களுக்கும் அப்படி வரும் என்பதால் மேலிடத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் ஏற்பாடே தொடங்கிவிட்டது. பிறகுதான் அவருடைய மனைவி, காலையிலிருந்து வேலி வெட்டினார் என்றார். என்ன செடி வெட்டினீர்கள் என்பதை வைத்தியரிடம் நீங்களாகவே சொல்ல வேண்டும்.

இறங்கும் இடம் வந்துவிட்டது. மீதி மாலையில்.

காசல்ரீத் தம்பி | புதன், பகல் 12.30

அக்கா, அந்தப் பூமரம் அங்கே இருக்கிறது. கேட்டுக்குப் பக்கத்திலேயே இரண்டு. அழகாக இருக்கிறதென்று போன வாரம் படம் எடுத்தேன்.

ஐயா சொன்னபடி சனிக்கிழமை சும்மா பார்க்கப் போகிறோம்.

வளைவு லொறி | புதன், மாலை 5.15

எல்லோரும் வெட்டுவதைப் பற்றியே பேசுகிறீர்கள். வெட்டினால் பாதி வேலைதான். நான் பதினோரு வருடமாகச் சின்ன லொறி ஓட்டுகிறேன். என் கண்ணால் பார்த்த காயங்கள் பெரும்பாலும் ஏற்றும்போதும் இறக்கும்போதும் வந்தவைதான்.

மழையில் ஊறிய புல் என்ன கனம் என்று பையன்களுக்குத் தெரியாது. உரப்பையை வாய்வரை அமுக்கி நிரப்புவார்கள், பிறகு இருவர் சேர்ந்தாலும் தூக்க முடியாது. பாதி நிரப்பினால் போதும். நடை இரட்டிப்பாகும், இடுப்பு தப்பும். பையை நிரப்புவதைவிடப் படங்கை விரித்து அதன்மேல் போட்டு, நான்கு மூலையையும் பிடித்து இழுத்துக்கொண்டு வருவது இன்னும் நல்லது.

கண்ணாடி, தகரம், ஆணி அடித்த பலகை இவற்றைப் பைக்குள் போடவே கூடாது. கண்ணாடிக்குப் பழைய பெயின்ட் வாளி. அதை நிமிர்த்தித்தான் தூக்க வேண்டும்.

கொட்டகைக் கூரை அஸ்பெஸ்டோஸ் தகடாக இருந்தால் சுத்தியலால் உடைத்து ஏற்றும் வேலை என் லொறியில் நடக்காது. அந்தத் தூள் நுரையீரலுக்குள் போனால் அங்கேயே தங்கிவிடும், இருபது முப்பது வருடம் கழித்துத்தான் காட்டும். தண்ணீர் ஊற்றி நனைத்து, ஆணியைக் கழற்றி, தகட்டை முழுசாக இறக்கி, தடித்த பொலித்தீனில் சுற்ற வேண்டும். கூரைமேல் ஏறி நடக்கவும் கூடாது. பழைய தகடு ஆள் பாரத்தைத் தாங்காது.

கடைசியாக, குப்பைக்கு மேல் ஆட்கள் உட்கார்ந்து வருவது. நோர்வூட் பாதையின் வளைவுகளில், தாழ்ந்த கிளையும் மின்கம்பியும் உள்ள இடத்தில், ஈரப் புல்லின்மேல் உட்கார்ந்து வருகிற ஆளுக்குப் பிடித்துக்கொள்ள என்ன இருக்கிறது? அப்படி ஏறினால் நான் சாவியை எடுத்துவிடுவேன். கோபித்துக்கொண்டவர்கள் உண்டு.

இரவுப் பணி | புதன், இரவு 7.05

காலையில் விட்டது. ஏற்பு (டெட்டனஸ்) ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று நால்வரும் யோசியுங்கள். நினைவில்லை என்றால் வேலைக்கு முன்பே போட்டுக்கொள்வது நல்லது.

பழைய கொட்டகையில் எலி இருக்கும். எலிச் சிறுநீர் கலந்த சேற்றில் வெடித்த காலோடு நின்றால் எலிக்காய்ச்சல் வரலாம். வயலில் வேலை செய்பவர்களுக்குத்தான் அது வரும் என்ற எண்ணம் நம்மிடையே உண்டு. சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில் போய் வேலையைச் சொல்லிக் கேட்டால், தேவை என்று அவர்கள் கருதினால் வாரம் ஒருமுறை குடிக்கும் டொக்சிசைக்ளின் மாத்திரை இலவசமாகத் தருவார்கள். தானாக மருந்துக்கடையில் வாங்கிக் குடிக்க வேண்டாம். கர்ப்பிணிகளுக்கு அது ஆகாது, வேறு சிலருக்கும் ஒத்துக்கொள்ளாது.

வேலை முடிந்து ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு என்றால் காத்திருக்காதீர்கள். காய்ச்சலோடு உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் சிவப்புப் புள்ளிகள் வந்தால் அது உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம், நம் மலைப்பக்கத்தில் அது புதிதல்ல. இரண்டிலும் "காடு வெட்டினேன்" என்ற இரண்டு சொல் வைத்தியருக்குப் பெரிய உதவி.

கண்ணில் செடி கீறினால் தாய்ப்பால் விடுவது, தேன் விடுவது எல்லாம் இன்னமும் நடக்கிறது. வேண்டாம். செடி கீறிய கண்ணில் பூஞ்சை பிடித்தால் பார்வையே போகும். சுத்தமான தண்ணீரால் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்.

சுரண்டி | புதன், இரவு 9.30

வாசித்துக்கொண்டே இருந்தேன், எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். தம்பி பெரியம்மாவைப் பற்றி எழுதியதால் எழுதுகிறேன்.

நாலு வருடத்துக்கு முன், தோட்டத்து வேலை கிடைக்காத மாதங்களில், பக்கத்து ஊரில் ஒரு விடுதியின் தோட்டத்தைத் துப்புரவாக்கக் கைக்காசுக்குப் போனேன். ஆண்கள் ஐந்து பேர், பெண்கள் மூன்று பேர். பொறுப்பாக வந்தவர் ஐந்து சோடிக் கையுறை கொண்டுவந்தார். பெண்கள் "பொறுக்கிப் போடுகிற" வேலைதானே என்றார். கத்தி பிடித்தவர்களுக்குக் கையுறை, கண்ணாடி பொறுக்கியவர்களுக்கு இல்லை. எவ்வளவு சரியான கணக்கு!

பையைத் தோளில் போட்டு இறங்கும்போது உள்ளே இருந்த உடைந்த போத்தல் தொடையின் பின்பக்கத்தில் ஏறியது. முதலில் வலிக்கவில்லை, பாவாடை நனைந்ததை மழை என்றே நினைத்தேன். ஒன்பது தையல். அன்றைய சம்பளம் அரை நாளுக்குக் கிடைத்தது, ஏனென்றால் மத்தியானத்துக்குப் பிறகு நான் வேலை செய்யவில்லையாம்.

ஆகவே தம்பி, பூட்ஸ் வாங்கும்போது பெரியம்மாவின் அளவுக்கு வாங்குங்கள். எட்டாம் இலக்கத்தை வாங்கிவந்து "துணியைத் திணித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லாதீர்கள், பெரிய பூட்ஸோடு சரிவில் நடந்து பாருங்கள் தெரியும். இடுப்பில் படங்கு கட்டும் பழக்கம் பெரியம்மாவுக்கு இருக்கும், அதைக் கட்டச் சொல்லுங்கள், முள்ளுக்கு நல்லது. சிறுநீர் கழிக்க எங்கே போவது என்று சொந்தக்காரரிடம் முதலிலேயே கேளுங்கள். பங்களாவைப் பூட்டிவிட்டுப் பெண்ணைக் காட்டுக்குள் அனுப்பினால், பாம்பைப் பற்றி இத்தனை பேர் எழுதியதற்கு என்ன பலன்?

வளைவு லொறி | புதன், இரவு 9.50

அக்கா, போத்தலைப் பைக்குள் போட்டவனைக் கொண்டுவந்து நிறுத்துங்கள்.

மானாப்புல் | புதன், இரவு 10.15

அந்த அக்காவுக்கு நடந்தது தவறுதான், மறுக்கவில்லை. ஆனால் நடைமுறையைப் பேசுவோம். பூட்ஸ், கையுறை, கண்ணாடி, பெயின்ட் வாளி, ஊசி, மாத்திரை, ஒரு நாள் வெறுமனே சுற்றிப் பார்ப்பது. இதெல்லாம் சேர்த்தால் 85,000 எங்கே போகும்? எங்கள் பக்கத்தில் ஒரு குழு இதே வேலையை 60,000க்கு முடித்துக் கொடுக்கும். வேலை அவர்களுக்குப் போகும். தம்பி பாதுகாப்பாக வீட்டில் இருப்பார்.

நான் வேண்டுமென்றே வம்பு பேசவில்லை. நானும் இந்த வேலைதான் செய்கிறேன்.

பழைய கணக்கு | வியாழன், காலை 6.10

இப்போதுதான் மானாப்புல் உண்மையைப் பேசுகிறார். பாதுகாப்பு தெரியாமல் யாரும் வெறுங்கையோடு போவதில்லை. விலையில் அது இல்லாததால் போகிறார்கள்.

தம்பி, நீங்கள் 85,000 என்றபோது எதையெல்லாம் கணக்கில் எடுத்தீர்கள்? நான்கு பேரின் நாட்சம்பளம், லொறி, இயந்திர வாடகை. இல்லையா? பூட்ஸ் நான்கு சோடி, தடித்த கையுறை, கண்ணாடி, நனைந்தால் மாற்ற இரண்டாம் கையுறை, மழை நாளில் வேலை நின்றால் ஒரு நாள் கூலி ஆகியவற்றை ஒவ்வொரு வரியாக எழுதி, விலையோடு அனுப்புங்கள். சொந்தக்காரர் வெட்டினால் எந்த வரியை வெட்டுகிறார் என்பது அவருக்கே தெரியட்டும். மொத்தத் தொகையாகச் சொன்னால் "ஐயாயிரம் குறையுங்கள்" என்பது சுலபம். "பெரியம்மாவின் பூட்ஸைக் குறையுங்கள்" என்று சொல்ல வாய் வராது.

ஜூன் மாதம் பற்றிக் கேட்டீர்கள். டிக்கோயாப் பக்கம் தென்மேற்குப் பருவமழை அப்போதுதான் இறங்கும். முடிந்தால் தள்ளிப் போடுங்கள். முடியாவிட்டால், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கைக்கான மழை அளவைத் தெரிந்துகொள்ளுங்கள். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பு, 100 என்றால் எச்சரிக்கை, 150 என்றால் சரிவான இடத்தைவிட்டு வெளியேற வேண்டும். நேரான சுவருள்ள போத்தலின் மேற்பகுதியை வெட்டிவிட்டுத் திறந்த வெளியில் வைத்தாலே ஏறக்குறைய அளக்கலாம்.

வெட்டிய புல்லைப் பள்ளத்தில் தள்ளாதீர்கள். எல்லோரும் செய்வது அதைத்தான். அது கானுவை அடைக்கும், கானு அடைந்தால் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும், கீழே லயம் இருக்கும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் மீரியபெத்தைத் தோட்டத்தில் மண் சரிந்து லயங்களை எப்படி மூடியது என்பதை நம் சனத்துக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோதும் பார்த்தோம். கல்கட்டில் தண்ணீர் வடிய விட்டிருக்கும் துவாரங்களில் வேர் ஏறியிருக்கும். அவற்றையும் திறந்துவிடுங்கள்.

வளைவு லொறி | வியாழன், காலை 6.45

ஐயா சொன்னது குப்பைக்கும் பொருந்தும். 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு அன்று கொழும்புக்குப் பக்கத்தில் மீதொட்டமுல்லையில் சரிந்தது மண் அல்ல, குப்பை. 32 பேர் செத்தார்கள். ஈரக் குப்பையும் மலைதான்.

பேர் போட்டவன் | வியாழன், மாலை 4.40

தொழிற்சங்க அலுவலகம் ஒன்றில் கடிதம் எழுதிக் கொடுக்கும் வேலை பார்த்தவன் நான், சட்டத்தரணி அல்ல. ஒரு கேள்வி: பெரியம்மாவுக்குக் காயம் பட்டால் யார் பொறுப்பு?

தம்பி சொந்தக்காரரை நினைப்பார். அவர் கொழும்பில் வீடு வைத்திருக்கும் தனிமனிதர், "வேலையை மொத்தமாக ஒருவரிடம் கொடுத்துவிட்டேன்" என்பார். கொந்தராத்து எடுத்தவர் தம்பி, நாட்கூலி கொடுப்பவரும் தம்பி. 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது, வேலையில் காயம் பட்டவருக்கு வேலை கொடுத்தவர் ஈடு தர வேண்டும் என்பது அதன் சாரம். பேச்சு வந்தால் விரல் முதலில் தம்பியின் பக்கம்தான் நீளும். கூட்டாளிகள் நால்வரும் பங்காளிகளாகச் சேர்ந்து எடுப்பதா, ஒருவர் எடுத்து மற்றவர்களுக்குக் கூலி கொடுப்பதா என்பதை இப்போதே பேசி ஒரு தாளில் எழுதுங்கள். தொலைபேசிப் பேச்சு எந்த மேசையிலும் நிற்காது.

அப்புறப்படுத்துவது பற்றி: பிரதேச சபையில் கேட்டு, எங்கே கொட்டலாம், என்ன கட்டணம் என்று எழுதி வாங்குங்கள். நம்மில் பலருக்குச் சபையிடம் போகும் பழக்கமே இல்லை. அதற்குக் காரணமும் உண்டு. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் இருந்த விதத்தில், தோட்டத்துக்குள் சபையின் பணத்தைச் செலவிட வழியில்லாமல் கிடந்தது. 2018இல்தான் திருத்தினார்கள். முப்பது வருடம் குப்பை லொறி வராத லயத்தில் வளர்ந்தவனுக்குக் கானுதான் குப்பைத்தொட்டி. அதற்காக அவனை மட்டும் திட்டிப் பயனில்லை.

காசல்ரீத் தம்பி | சனி, இரவு 8.15

போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். நல்லவேளை.

கொட்டகைக்குப் பின்னால் சைப்ரஸ் மரத்தில் மலைத்தேனீக் கூடு தொங்குகிறது, ஒரு முழ அகலம். கத்தியோடு போயிருந்தால் நேரே அதன் கீழ்தான் வெட்டத் தொடங்கியிருப்போம். கொட்டகைக் கூரை தகரம்தான். உள்ளே தட்டில் பெயரெழுதாத நான்கு போத்தல், ஒன்றில் பச்சை நிறமாக ஏதோ இருக்கிறது. பின்பக்கம் கொங்கிரீட் மூடி போட்ட குழி. சொந்தக்காரர் அதையும் திறந்து துப்புரவாக்கச் சொல்கிறார். புல்லுக்கு மருந்து அடித்துவிட்டால் வெட்டுவது சுலபமே என்றும் கேட்கிறார்.

பழைய கணக்கு | சனி, இரவு 8.40

போத்தலைத் திறக்காதீர்கள், மோந்து பார்க்காதீர்கள், கானுவில் ஊற்றாதீர்கள். அந்தக் கானு காசல்ரீக்குத்தான் போகும். பழைய துரைமார் காலத்துக் கொட்டகைகளில் பரக்குவாட் என்ற களைக்கொல்லி கிடக்கும். அதன் விற்பனை நிறுத்தப்பட்டுப் பத்து வருடத்துக்கு மேலாகிறது, ஆனால் தட்டில் இருக்கும் போத்தலுக்குத் தடை தெரியாது. ஒரு வாய் போனால் காப்பாற்றுவது அரிது. போத்தல்களை நிமிர்ந்தபடியே ஒரு வாளியில் வைத்து, பூட்டி, பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லுங்கள்.

மருந்தடிப்பது வேண்டாம். கிளைபோசேட் என்ற களைக்கொல்லியை 2015இல் தடுத்தார்கள், 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் விட்டார்கள், பிறகு தடையையே எடுத்தார்கள். அந்தக் கதை வேறு. ஆறு வருடம் வளர்ந்த மானாப்புல்லுக்கு அடித்தால் காய்ந்து நிற்கும் புல்லையும் நீங்கள்தான் வெட்ட வேண்டும், அதுவும் மருந்து படிந்த புல்லை.

இரவுப் பணி | சனி, இரவு 8.55

குழிக்குள் யாரும் இறங்கவே கூடாது. மலக்குழியாக இருந்தாலும் பழைய உரக்குழியாக இருந்தாலும் ஒன்றுதான். அதில் தேங்கும் வாயு இரண்டு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் வரும், வாயு அதிகமானால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாது. "நாற்றம் போய்விட்டது" என்று இறங்குவார்கள். ஒருவர் விழுந்ததும் மற்றவர் காப்பாற்ற இறங்குவார். இரண்டு உடல்களைத்தான் எடுப்பார்கள். அந்த வேலைக்கு உறிஞ்சும் வண்டி இருக்கிறது, சபையில் கேட்கலாம்.

மானாப்புல் | சனி, இரவு 9.20

குழி விஷயத்தில் நானும் அக்கா பக்கம். எங்கள் ஊரில் கிணற்றில் அப்படிப் போனவர்கள் உண்டு.

புல்வெட்டும் இயந்திரத்தைப் பற்றி யாரும் எழுதவில்லையே. அதைச் சுற்றி 15 மீற்றருக்குள் ஆள் நிற்கக் கூடாது. கல் தோட்டா மாதிரிப் பறக்கும். வெட்டும் இரும்புத் தகடு மாட்டாதீர்கள், நைலோன் நூல் போதும், ஆனால் முன்காப்பைக் கழற்றிய இயந்திரத்தை வாடகைக்கு எடுக்காதீர்கள். வாடகைக் கடைகளில் பாதிக்கு முன்காப்பு இருக்காது. காட்டுப்பன்றிக்கு வைத்த சுருக்குக் கம்பி புல்லுக்குள் கிடந்தால் இயந்திரத்தில் சுற்றிக்கொள்ளும், அதனால் முதலில் கத்தியால் மேல்பாதியை வெட்டி, தரையைப் பார்த்துவிட்டுப் பிறகு இயந்திரம். தேனீக் கூட்டுப் பக்கம் இயந்திரமே வேண்டாம், அந்தச் சத்தம் அவற்றுக்கு ஆகாது.

நான் கண்ணாடி போடுவேன். அதையும் எழுதிவிடுகிறேன், இல்லையென்றால் ஐயா கேட்பார்.

காசல்ரீத் தம்பி | இருபத்திரண்டு நாள் கழித்து, ஞாயிறு, இரவு 7.30

வேலை முடிந்தது. மழையால் இரண்டு நாள் நின்றோம், போத்தலில் ஒரு நாள் 80 மில்லிமீற்றர் காட்டியது.

விலையை வரி வரியாக எழுதி அனுப்பினேன், மொத்தம் 1,12,000. சொந்தக்காரர் மூன்று நாள் பதில் சொல்லவில்லை. 60,000க்குக் கேட்ட குழு அங்கேயும் போயிருந்தது, மானாப்புல் அண்ணன் சொன்னது பொய்யில்லை. பிறகு அழைத்து, இயந்திர வாடகையில் பேரம் பேசி 1,06,000க்கு ஒத்துக்கொண்டார். பூட்ஸ் வரியைத் தொடவில்லை. வெளிக் கழிப்பறையின் சாவியையும் பக்கத்து வீட்டில் கொடுத்து வைத்தார். குழியைத் தொடவில்லை. தேனீ மரத்தைச் சுற்றி ஒரு பெரிய வட்டத்தை விட்டுவிட்டோம், கூடு போன பிறகு வந்து வெட்டித் தருவதாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். போத்தல்களைப் பரிசோதகர் வந்து பார்த்தார், எடுத்துப் போக ஏற்பாடு செய்வதாகச் சொல்லியிருக்கிறார்.

இலைக்குவியலைப் புரட்டியதில் ஒரு பாம்பு, அக்கா எழுதியது மாதிரியே மூக்கு. பெரியம்மா கம்பால் தள்ளி வழி விட்டார்.

காயம் ஒன்றே ஒன்று. நீங்கள் யாரும் எழுதாத இடத்தில். பங்களாவின் பின்பக்கக் கற்படியில் பாசி. என் கூட்டாளி பாதிப் பையோடு இறங்கும்போது வழுக்கி விழுந்து முழங்கால் வீங்கிவிட்டது. எலும்பு முறியவில்லை என்றார்கள். பை முழுசாக நிரம்பியிருந்தால் அவன்மேலேயே விழுந்திருக்கும்.

பழைய கணக்கு | ஞாயிறு, இரவு 7.50

படி! முப்பத்தெட்டு வருடம் ஆற்றுமணலைத் தூவி, சுரண்டியால் பாசியைச் சுரண்டிவிட்டுத்தான் ஆட்களை இறக்கியிருக்கிறேன். எழுத மறந்துவிட்டேன். பையன் எப்படி இருக்கிறான்?

காசல்ரீத் தம்பி | ஞாயிறு, இரவு 8.05

நடக்கிறான் ஐயா. அவனுடைய கூலியை மூன்று நாளுக்கும் முழுசாகக் கொடுத்துவிட்டோம். தாளில் அப்படித்தான் எழுதியிருந்தோம்.

சுரண்டி | ஞாயிறு, இரவு 9.10

பெரியம்மாவுக்குப் பூட்ஸ் எங்கே கிடைத்தது? நான் ஹட்டனில் மூன்று கடை ஏறி இறங்கினேன், ஆறுக்குக் கீழே இல்லை என்கிறார்கள்.

காசல்ரீத் தம்பி | ஞாயிறு, இரவு 9.20

எங்களுக்கும் அப்படித்தான் சொன்னார்கள் அக்கா. பள்ளிப் பிள்ளைகளுக்கான பூட்ஸ் அடுக்கில் நாலாம் இலக்கம் இருந்தது. மஞ்சள் நிறம், பக்கத்தில் வாத்துப் படம். பெரியம்மா அதைப் போட்டுக்கொண்டு கோயிலுக்கும் போகிறார்.